குறியீடு மறையலாம், விதி மறையக் கூடாது

(தென்காசியில் ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சி நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குற்றாலத்தில் சாரல் விழும் நாளில் உங்களை ஓர் அறைக்குள் உட்கார வைத்துக் கணினியைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். நானும் வரும் வழியில் ஐந்தருவிப் பக்கம் போகும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். ஆகவே சுற்றி வளைக்காமல் பேசிவிடுகிறேன்.

காலையில் தேநீர் வேளையில் ஒரு டீச்சர் என்னிடம் கேட்டார்: “சார், பள்ளிக்கூட வேலைக்காக ஆக்சஸில் ஒரு கோப்பு செய்து வைத்திருக்கிறேன். அலுவலகக் கணினியில் யார் யாரோ திறக்கிறார்கள். போன மாதம் யாரோ ஒரு வினவலுக்குள் போய் எதையோ அழித்துவிட்டார்கள். உள்ளே இருக்கும் எழுத்து யார் கண்ணிலும் படாமல் மறைத்து வைக்க வழி உண்டா?”

வழி உண்டு. ஒன்றல்ல, பல உண்டு. எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆனால் எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது என்பதை நான் தப்பாகப் புரிந்துகொண்டு, அதற்கு ஒரு பிள்ளை விலை கொடுத்த கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வினவல் என்பது என்ன?

ஆக்சஸ் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு நிமிடம். மாணவர் சேர்க்கைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கணினியில் அது ஓர் அட்டவணை. “எட்டாம் வகுப்பில், பெற்றோரின் ஆண்டு வருமானம் இவ்வளவுக்குள் இருக்கும் பிள்ளைகள் யார் யார்?” என்று அந்தப் பதிவேட்டிடம் நாம் கேட்கும் கேள்விதான் வினவல். பேச்சில் கொயரி என்போம். நாம் கட்டங்களை நிரப்பித்தான் வினவலைச் செய்வோம். ஆனால் ஆக்சஸ் அதை எஸ்.க்யூ.எல். என்னும் மொழியில் வாக்கியமாக எழுதி வைத்துக்கொள்கிறது. டீச்சர் சொன்ன “உள்ளே இருக்கும் எழுத்து” அதுதான்.

எமிஸ் இருக்கும்போது தனிக் கோப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். எமிஸ் துறைக்கான பதிவு. ஆனால் தேர்வுக்கு விண்ணப்பிக்கத் தகுதியான பிள்ளைகள் யார், யாருக்கு வருமானச் சான்று வாங்கவில்லை, யாருக்கு வங்கிக் கணக்கு இல்லை என்றெல்லாம் அன்றாடம் நமக்கு நாமே பட்டியல் எடுக்கிறோம். சிலர் நோட்டில் எழுதுகிறோம், சிலர் எக்செல்லில், சிலர் ஆக்சஸில். கணினி கொஞ்சம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால் அந்த வேலை அவர் தலையில் வந்து விழும். எனக்கும் அப்படித்தான் விழுந்தது.

நான் மறைத்த கதை

முன்பு நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குப் பட்டியல் எடுக்க ஒரு கோப்பு செய்தேன். அந்தத் தேர்வு உங்களுக்குத் தெரியும். தேர்ச்சி பெற்றுத் தேர்ந்தெடுக்கப்பட்டால் மாதம் 1,000 ரூபாய் வீதம், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய். பீடி சுற்றும் வீட்டுக்கு அது பெரிய தொகை. எட்டாம் வகுப்பில் மட்டுமே எழுத முடியும். அந்த ஆண்டு தவறினால் தவறியதுதான்.

முதல் ஆண்டு கோப்பைத் திறந்தே வைத்திருந்தேன். சக ஆசிரியர் ஒருவர் வினவலின் விடையைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு பையனின் வருமானத்தை விளையாட்டுப்போல மாற்றிப் பார்த்தார். “லிஸ்ட்டுலதான மாத்துனேன், ரெஜிஸ்டர்ல இல்லையே” என்றார். ஆக்சஸில் பெரும்பாலான வினவல்களின் விடை நகல் அல்ல. அதில் ஓர் எண்ணைத் திருத்தினால் மூல அட்டவணையிலேயே அது மாறிவிடும். இது பலருக்குத் தெரியாது, அவருக்கும் தெரியவில்லை. நல்ல வேளையாக அன்றே கண்டுபிடித்துச் சரிசெய்தோம்.

எனக்குக் கோபம். இனி யாரும் உள்ளே போகவே கூடாது என்று முடிவு செய்தேன். வினவலை எடுத்து ஒரு பொத்தானுக்குப் பின்னால் வி.பி.ஏ. நிரலுக்குள் எழுதினேன். கோப்பை ஏ.சி.சி.டி.இ. வடிவத்துக்கு மாற்றினேன். திறந்தால் ஒரே ஒரு படிவம், அதில் “பட்டியல் எடு” என்று ஒரு பொத்தான். அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. உண்மையைச் சொல்ல வேண்டும்: பிள்ளைகளின் விவரத்தைக் காப்பதற்காக மட்டும் நான் அதைச் செய்யவில்லை. இது எப்படி நடக்கிறது என்று என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்ற பெருமையும் அதில் இருந்தது.

பிறகு பொது மாறுதல் கலந்தாய்வில் எனக்கு வேறு பள்ளி கிடைத்தது. கோப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தப் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர் போன் செய்தார்.

“சார், உங்க கோப்புல ஒரு பிள்ளையோட பேரு வரல. அப்பா சுமை ஏத்துற தொழிலாளி. வருமானச் சான்று 1,80,000. நல்லாப் படிக்கிற பிள்ளை. பக்கத்து ஊர்ல இருக்கிற அவ சித்தி மகள் தேர்வு எழுதிட்டா. ‘அவங்க வீட்டுல எங்க வீட்டைவிட வருமானம் ஜாஸ்தி சார், எனக்கு மட்டும் ஏன் இல்ல’ன்னு வந்து நிக்கிறா.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் அந்தக் கோப்பைச் செய்த காலத்தில் என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கான வருமான உச்சவரம்பு 1,50,000 ரூபாய். பிறகு அதை 3,50,000 ஆக உயர்த்தினார்கள். சுற்றறிக்கை பள்ளிக்கு வந்தது, கோப்பில் வைத்தார்கள். ஆனால் பட்டியலை எடுக்கும்போது என் பொத்தானைத்தான் அழுத்தினார்கள். பொத்தானுக்குள் இருந்தது நான் எழுதிய பழைய ஒன்றரை லட்சம். அது யார் கண்ணிலும் படவில்லை, படக் கூடாது என்பதற்காகத்தானே மறைத்தேன்.

“சரி பண்ணிக் கொடுங்க சார்” என்றார். என்னாலும் முடியவில்லை. ஏ.சி.சி.டி.இ. வடிவத்தில் மூல நிரல் இருக்காது. மூலக் கோப்பு இருந்த என் பழைய மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் அதற்கு முன்பே கெட்டுப்போயிருந்தது. சரிசெய்திருந்தாலும் பயனில்லை. விண்ணப்பிக்கும் தேதி முடிந்திருந்தது.

அந்தப் பிள்ளை எழுதியிருந்தால் கட்டாயம் தேர்வாகியிருப்பாள் என்று நான் சொல்ல மாட்டேன். எழுதும் வாய்ப்பே அவளுக்குக் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் நான்.

மறைக்கும் வழிகளும் அவற்றின் எல்லையும்

இப்போது டீச்சர் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

முதல் வழி மிக எளிது. இடப்பக்கப் பட்டியலில் வினவலின் மேல் வலது சொடுக்கிட்டு, பிராப்பர்ட்டிஸ் போய், ‘ஹிட்டன்’ என்பதில் குறியிடலாம். பெயர் மறைந்துவிடும். ஆனால் அதே பட்டியலின் தலைப்பில் வலது சொடுக்கிட்டு, நேவிகேஷன் ஆப்ஷன்ஸில் மறைத்தவற்றைக் காட்டு என்று கேட்டால் திரும்ப வந்துவிடும். விருந்தாளி வரும்போது சாமான்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைப்போமே, அவ்வளவுதான் இது.

இரண்டாவது, இடப்பக்கப் பட்டியலையே காட்டாமல் செய்வது. ஃபைல், ஆப்ஷன்ஸ், கரன்ட் டேட்டாபேஸ் என்று போனால் நேவிகேஷன் பேனைக் காட்டும் குறியை எடுத்துவிடலாம். திறந்தவுடன் நமது படிவம் வரும்படி அங்கேயே வைக்கலாம். எஃப்11 விசையை அழுத்தினால் பட்டியல் திரும்பத் தோன்றும். ஆகவே சிறப்பு விசைகளுக்கான குறியையும் எடுத்துவிட வேண்டும். இத்தனையும் செய்தாலும், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே கோப்பைத் திறந்தால் இந்த ஏற்பாடு ஒன்றுமே வேலை செய்யாது. முழு ஆக்சஸும் திறந்துகொள்ளும்.

மூன்றாவது, அந்த ஷிஃப்ட் வழியையும் அடைப்பது. அலவ் பைபாஸ் கீ என்னும் பண்பை நிரல் வழியாக ‘இல்லை’ என்று மாற்றலாம். விவரம் தெரிந்தவர் இன்னொரு ஆக்சஸ் கோப்பிலிருந்து நாலு வரி நிரல் எழுதி அதைத் திரும்ப ‘ஆம்’ ஆக்கிவிடுவார். அதற்கும் தேவையில்லாமல், புதுக் கோப்பு ஒன்றைத் திறந்து நம் கோப்பிலிருந்து வினவல்களை இம்போர்ட் செய்தும் படித்துவிடலாம்.

நான்காவது, நான் செய்தது: ஏ.சி.சி.டி.இ. இதில் படிவம், அறிக்கை, நிரல் ஆகியவற்றின் வடிவமைப்பை யாரும் திறக்க முடியாது. ஆனால் பலர் நினைப்பதுபோல் இது எல்லாவற்றையும் பூட்டுவதில்லை. தனியாகச் சேமித்த வினவல்களும் அட்டவணைகளும் ஏ.சி.சி.டி.இ. கோப்பிலும் திறந்தேதான் இருக்கும். அவற்றைப் பார்க்கலாம், மாற்றவும் செய்யலாம். வினவலை நிரலுக்குள்ளோ படிவத்துக்குள்ளோ எழுதினால்தான் கண்ணில் படாது. இந்த வழியில் போகிறவர்கள் மூல ஏ.சி.சி.டி.பி. கோப்பை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் என் கதைதான்.

ஐந்தாவது, கடவுச்சொல். ஃபைல், இன்ஃபோ, என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட். இதுவரை சொன்னதில் உண்மையான பூட்டு இது ஒன்றுதான். கோப்பையே மறையாக்கம் செய்துவிடுகிறது. ஆனால் கோப்புக்கு ஒரே கடவுச்சொல்தான். அதைத் தெரிந்தவருக்கு எல்லாம் தெரியும், தெரியாதவருக்கு எதுவும் தெரியாது. இன்னார் பார்க்கலாம், இன்னார் திருத்தலாம் என்று ஆளுக்கொரு உரிமை கொடுக்கும் வசதி பழைய எம்.டி.பி. கோப்புகளில் இருந்தது. ஆக்சஸ் 2007இல் வந்த புதிய கோப்பு வடிவத்தில் அது கிடையாது. கடவுச்சொல்லை மறந்துவிட்டால் மைக்ரோசாஃப்டும் மீட்டுத் தராது.

ஆக்சஸ் வாங்க வழியில்லாமல் லிப்ரே ஆபீஸ் பேஸ் பயன்படுத்துகிறவர்களும் இங்கே இருக்கலாம். அதன் ஓ.டி.பி. கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அதைப் பிரித்தால் உள்ளே வினவல்கள் வெறும் எழுத்தாகவே கிடக்கும். மறைக்கும் பேச்சுக்கே அங்கு இடமில்லை.

ஆக, இந்த வழிகள் பெரும்பாலும் தவறுதலாகக் கை படுவதைத் தடுக்கும். அதற்கு அவை போதும், தாராளமாகப் பயன்படுத்துங்கள். வேண்டுமென்றே பார்க்க நினைப்பவரைத் தடுக்க அவற்றை நம்பாதீர்கள்.

மூன்றும் வேறு வேறு

என் தவறு எங்கே என்று பல நாள் யோசித்தேன். கோப்புக்குள் மூன்று பொருள்கள் இருக்கின்றன. நான் மூன்றையும் ஒன்றாக நினைத்து, ஒரே துணியால் மூடிவிட்டேன்.

ஒன்று குறியீடு. அதாவது எஸ்.க்யூ.எல். வாக்கியமும் நிரலும். இதை மறைத்தால் யாருக்கும் நட்டமில்லை. பட்டியல் வேண்டும் என்பவருக்கு அது எப்படி எழுதப்பட்டது என்று தெரிய வேண்டியதில்லை.

இரண்டு விதி. வருமானம் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும், ஏழாம் வகுப்பில் எத்தனை விழுக்காடு மதிப்பெண் வேண்டும் என்பது. இது நான் உருவாக்கியது அல்ல, அரசு விதித்தது. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சக ஆசிரியருக்கும் தெரிந்தே இருக்க வேண்டியது. இதை மறைக்க எனக்கு உரிமை இல்லை. குறியீட்டை மறைக்கப் போய் இதையும் சேர்த்து மறைத்தேன்.

மூன்று பிள்ளைகளின் விவரம். சாதி, வருமானம், ஆதார் எண், தந்தை இல்லாதவர், மாற்றுத்திறன் என்பதெல்லாம். உண்மையில் காக்கப்பட வேண்டியது இதுதான். குறியீட்டை மறைத்துவிட்டால் இதுவும் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். ஆனால் என் ஏ.சி.சி.டி.இ. கோப்பில் அட்டவணை அப்படியே இருந்தது. பென் டிரைவில் எடுத்துப் போய் வேறு கோப்பிலிருந்து இணைத்தால் அத்தனை பிள்ளைகளின் சாதியும் வருமானமும் திரையில் வந்து நின்றிருக்கும். மறைக்க வேண்டாததை மறைத்து, காக்க வேண்டியதைத் திறந்து போட்டிருந்தேன்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்று கொண்டு, அவர்கள் தரவுக்கென்று தனிப் பிரிவே வைத்திருக்கிறது. சட்டம் இருக்கட்டும். தன் வீட்டு வருமானம் வகுப்பில் நாலு பேருக்குத் தெரிந்துபோன ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயம் அல்ல.

நம் ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். குற்றாலம் சித்திர சபையில் நடராசர் சுவரோவியமாக இருக்கிறார். போகிறவர் எல்லாரும் நின்று பார்க்கலாம், கை வைக்கக் கூடாது. விதி அப்படி இருக்க வேண்டும். எல்லார் கண்ணிலும் படலாம், யார் கையும் தவறிப் பட்டு அழியக் கூடாது.

இப்போது நான் செய்வது

இப்போது இருக்கும் பள்ளியில் நான் கடைப்பிடிக்கும் வழக்கங்களைச் சொல்கிறேன். பெரிய கணினி அறிவு எதுவும் தேவையில்லை.

1. எந்த எண்ணையும் வினவலுக்குள் எழுதுவதில்லை. ‘விதிகள்’ என்று ஒரு சிறிய அட்டவணை வைத்திருக்கிறேன். திட்டத்தின் பெயர், வருமான வரம்பு, மதிப்பெண் வரம்பு, எந்தச் சுற்றறிக்கைப்படி, கடைசியாகச் சரிபார்த்த தேதி. வினவல் அங்கிருந்து எண்ணை எடுத்துக்கொள்கிறது. அரசு வரம்பை மாற்றினால் அந்த ஒரு கட்டத்தை மாற்றினால் போதும், குறியீட்டைத் தொட வேண்டாம்.

2. பட்டியல் அச்சாகும்போது அதன் அடியிலேயே விதியும் அச்சாகிறது. “இப்பட்டியல் இந்த வருமான வரம்புக்கும் இந்த மதிப்பெண் வரம்புக்கும் உட்பட்டது, சரிபார்த்த தேதி இன்னது” என்று.

3. பட்டியலில் வராதவர்களுக்கும் ஒரு பட்டியல் எடுக்கிறேன். பெயரும், எந்தக் காரணத்தால் விடுபட்டது என்பதும். இது ஆசிரியர்களின் பார்வைக்கு மட்டும். தகுதியான பிள்ளை தவறிப் போயிருந்தால் இந்தப் பட்டியலில்தான் அகப்படும்.

4. கோப்பை இரண்டாகப் பிரித்துவிட்டேன். ஆக்சஸிலேயே ஸ்பிளிட் டேட்டாபேஸ் என்ற வசதி இருக்கிறது. அட்டவணைகள் ஒரு கோப்பில், படிவங்களும் வினவல்களும் இன்னொன்றில். அட்டவணைக் கோப்புக்குக் கடவுச்சொல் உண்டு, தலைமையாசிரியர் பொறுப்பில் இருக்கிறது. ஆனால் முன் கோப்பில் அந்த இணைப்போடு கடவுச்சொல்லும் பதிந்துவிடும். அதனால் முன் கோப்பையும் நம் கணினிக்கு வெளியே விடுவதில்லை. ஆதார் எண்ணை இந்தக் கோப்பில் வைப்பதே இல்லை. எடுத்து வைக்காத விவரம் திருட்டுப் போகாது.

5. வெறுமே பார்ப்பதற்கான வினவல்களின் பிராப்பர்ட்டிஸில் ரெக்கார்ட்செட் டைப் என்பதை ‘ஸ்னாப்ஷாட்’ என்று மாற்றிவிட்டேன். இனி விடையில் யாரும் திருத்த முடியாது. அன்று எனக்குக் கோபம் வந்ததே, அதற்கு மருந்து இந்த ஒரு மாற்றம்தான். அதைத் தெரிந்துகொள்ளாமல் கோப்பையே பூட்டினேன்.

6. ஒரு நாற்பது பக்க நோட்டு. கோப்பு எங்கே இருக்கிறது, மூலப் பிரதி எங்கே, ஒவ்வொரு பொத்தானும் என்ன செய்கிறது என்பதைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு மாறுதல் வரும் நாளில் சாவியோடு சேர்த்து இதையும் ஒப்படைப்பேன்.

இரண்டாவதாகச் சொன்ன வழக்கத்தால் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அப்படி அச்சிட்ட பட்டியல் ஒன்றை ஆசிரியர் அறையில் மேசை மேல் வைத்திருந்தேன். எங்கள் தமிழாசிரியை எடுத்துப் பார்த்தார். ஆக்சஸை அவர் ஒரு நாளும் திறந்ததில்லை. அடியில் இருந்த விதியைப் படித்துவிட்டு, “சார், ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு என்று எல்லாருக்கும் பொதுவாகப் போட்டிருக்கிறீர்களே. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50 தானே?” என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. அந்தத் தளர்வை நான் விட்டுவிட்டிருந்தேன். விதி அட்டவணையில் ஒரு வரி சேர்த்துத் திரும்ப எடுத்தபோது இரண்டு பிள்ளைகளின் பெயர் பட்டியலுக்குள் வந்தது. விண்ணப்பிக்க நாள் இருந்தது. இருவரும் தேர்வு எழுதினார்கள்.

கணினி தெரிந்த நான் விட்ட தவறை, கணினி தெரியாத அவர் கண்டுபிடித்தார். விதி அவர் கண்ணில் படும் இடத்தில் இருந்ததால்தான் அது முடிந்தது.

டீச்சர், உங்கள் வினவலைத் தாராளமாக மறைத்து வையுங்கள். இடைவேளையில் ஸ்னாப்ஷாட் வைப்பதை நானே உங்களுக்குக் காட்டித் தருகிறேன். ஆனால் அதற்குள் ஏதாவது வரம்பு எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதை வெளியே எடுத்து எல்லாரும் படிக்கும் இடத்தில் வைத்துவிட்டு, பிறகு பூட்டுங்கள்.